ரப்பர் பேண்டை நம்பாத அக்கா

எனக்குத் தொழில் பேண்டேஜ் துணி. ராஜபாளையத்தில் அப்பா விட்டுப்போன ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. தறியிலிருந்து வரும் காஸ் என்ற சல்லாத் துணியை வெளுத்து, காயவைத்து, வெட்டி, சுருட்டி, பேல் கட்டி ஊர் ஊராக அனுப்புவோம். எனக்குப் பித்து பாராகிளைடிங். துணியால் ஆன இறக்கை ஒன்றைத் தலைக்கு மேல் விரித்து, மலைச் சரிவில் ஓடி, கால் தரையை விட்டதும் சாய்வாக உட்கார்ந்துகொண்டு பறப்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்கள் என் கை காலை ஒரு முறை எண்ணிப் பார்ப்பார்கள். சரக்கு செய்பவனும் அவனே, சரக்கைச் சுற்றிக்கொள்பவனும் அவனே என்று நினைப்பார்கள் போல.

எலும்பு எதுவும் முறிந்ததில்லை. முறிந்தது மானம் மட்டும்தான். அதற்குப் பேண்டேஜ் எங்கள் யூனிட்டில் தயாராவதில்லை.

பறப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் போட்டிக்குப் போகிறவன். போட்டி என்றால் அழகாகப் பறப்பவனுக்குப் பரிசு என்று என் மாமனார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. காலையில் ஒரு பாதை சொல்வார்கள்: இந்த மலை மூக்கு, அந்தக் கோயில், அதற்கப்பால் ஒரு பாலம், கடைசியில் ஒரு மைதானம். எஞ்சின் கிடையாது. வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, அதற்குள் பருந்து மாதிரி சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். ஏறிய உயரத்தைச் செலவழித்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அங்கே மறுபடி தேட வேண்டும். மைதானத்துக்கு முதலில் வந்து சேர்பவன் ஜெயித்தான்.

நானும் பல போட்டிகளில் முதல் ஆளாகத் தரையிறங்கியிருக்கிறேன். மைதானத்தில் அல்ல. உருளைக்கிழங்கு வயலில், பள்ளிக்கூட வாசலில், ஒரு தடவை கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்தில். மைதானம் எப்படி இருக்கும் என்பதையே மற்றவர்கள் எடுத்த படங்களில்தான் பார்த்திருந்தேன்.

மாமனாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "மெடிக்கல் லைன்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். ஒவ்வொரு போட்டி முடிந்து வரும்போதும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"என்ன மாப்ள, இந்த வாட்டி யாரு வயல்ல?"

எங்கள் ஊருக்கு மேற்கே மலை நெடுக நிற்கிறது. ஆனால் அது புலிகளுக்கு ஒதுக்கிய காடு. அங்கே ஏறிப் பறக்க எனக்கு அனுமதி கிடையாது. இறங்கினால் என்ன கிடைக்கும் என்றும் தெரியும். அதனால் ஊரில் இருக்கும்போது தரையில்தான் பழகுவேன். சுந்தரபாண்டியம் பக்கம் வற்றிக் கிடக்கும் கண்மாயில் இறக்கையை விரித்து, காற்றில் தூக்கி நிறுத்தி, இடமும் வலமும் ஆட்டிப் பழகுவது. காற்று வேகமாக வந்தால் இறக்கை என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். ஒருநாள் அப்படிக் கருவேலங்கன்று வரைக்கும் மல்லாக்க இழுபட்டுப் போனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிதானமாகப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க பட்டம் விடுதீகளா, பட்டம் உங்கள விடுதா?"

என் வாயில் மண்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பறக்கிறவன் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில் ஒரு பை உண்டு. அதற்குள் ஒரு வெள்ளைப் பொதி இருக்கும். அதுதான் ரிசர்வ், அதாவது மாற்றுப் பாராசூட். தலைக்கு மேலிருக்கும் இறக்கை சுருங்கி, முறுக்கி, இனித் தேறாது என்றாகிவிட்டால், வலது இடுப்பருகே இருக்கும் சிவப்புப் பிடியை இழுத்துப் பொதியை வெளியே வீச வேண்டும். வீசினதும் பொதியின் மூடிகள் திறந்து, பாராசூட் விரிந்து, ஆளைத் தொங்கவிட்டு இறக்கும். எங்கள் யூனிட்டில் இதற்குப் பெயர் "சின்னக் குடை."

அதைச் சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, புதிதாக மடிக்க வேண்டும். மடிப்பதற்கு நீளமான, சுத்தமான மேசை வேண்டும். பெரிய நகரங்களில் பறக்கிறவர்கள் இதற்காகப் பள்ளிக்கூட ஹாலைக் கெஞ்சி வாங்குவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. காஸ் மடிக்கும் மேசை யூனிட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போகும். அதில் ஒரு தூசி இருந்தாலும் அக்கா விட மாட்டார்.

அக்கா என்றால் எங்கள் பேல் கட்டும் மேசைக்குப் பொறுப்பானவர். அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். கோணி ஊசியைக் கொண்டையில் செருகியிருப்பார். தேவைப்படும்போது உருவி நான்கு இழுப்பில் ஒரு பேலின் வாயைத் தைத்து மூடிவிட்டு மறுபடி கொண்டைக்கே அனுப்பிவிடுவார். வழியில் பேல் பிரிந்து துணி அழுக்கானால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் இல்லை. அக்கா தைத்த பேல் பிரிந்துவிட்டது என்று எந்த ஊரிலிருந்தும் போன் வந்ததில்லை. ஒரே ஒரு முறை வந்தது, பிரிக்க முடியவில்லை என்று.

போன அக்டோபரில் இமாசலத்தில் ஒரு போட்டி. கிளம்புகிற அன்று காலையில் ரிசர்வை மடித்தேன். அக்கா ஒரு பக்கம் கயிறுகளை இழுத்துப் பிடிக்க, நான் மறுபக்கம் மடிப்பு மடிப்பாக அடுக்கினேன். அவர் கை வேகம் எனக்கு வராது. மடித்ததை உள்பொதிக்குள் வைத்து, நான்கு மூடிகளையும் மூடி, கயிற்றை வளைத்து, அதை ரப்பர் பேண்டில் கோத்து நிறுத்தினேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இம்புட்டுத்தானா தம்பி?"

"இம்புட்டுத்தான்க்கா."

"இம்புட்டுப் பாடுபட்டு மடிச்சிட்டு, கடைசில ரப்பர் பேண்டா? பூக்காரி கூட நாரு போட்டு முடிச்சுப் போடுவா."

"அதான் முறைக்கா."

"என்ன முறையோ. இமயமலைக்குக் கொண்டு போறீக."

நான் சிரித்தேன். அந்த நேரத்தில் வெளுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுவிட்டது என்று யாரோ கத்த, ஓடிவிட்டேன். "அக்கா, இது அவிழணும், அவிழத்தான் இது" என்று நாலே வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அவ்வளவு சோம்பல். ஊர் உலகத்துக்கெல்லாம் காற்று எப்படி எழும்புகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். கூட நின்று கயிறு பிடித்தவரிடம் எதற்காகப் பிடிக்கிறார் என்று சொல்லவில்லை.

மோட்டாரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பொதி மேசைமேல் அப்படியே இருந்தது. அப்படியே இருந்ததாக நினைத்தேன். எடுத்து இருக்கைக்கு அடியில் வைத்தேன். பிடியை இழுத்தால் பொதி வெளியே வருகிறதா என்று ஒரு தரம் பார்த்தேன், வந்தது. விரிகிறதா என்று பார்ப்பதில்லை. விரித்தால் மறுபடி மடிக்க வேண்டும், ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மடித்த தேதி எழுதும் சீட்டு ஒன்று உண்டு. அதில் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் கையெழுத்தைப் போட்டேன். ரொம்ப அழகான கையெழுத்து. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இமாசலத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். என் பறப்பால் அல்ல, நான் கொண்டுபோகும் பால்கோவாவால். பாதி வழியில் இறங்கினவர்களைத் தேடி எடுத்துவரும் ஜீப் ஓட்டுநருக்கு மட்டும் இரண்டு காரணத்தாலும் தெரியும். தினமும் காலையில் மலையேறும்போது இந்தியில் கேட்பார்: "சொல்லிடுங்க பாய், இன்னைக்கு எங்கே வந்து எடுக்கணும்? டீசலாவது மிச்சமாகும்."

கடைசி நாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, அன்று எல்லாம் கூடி வந்தது. ஓடினேன், தூக்கியது. முதல் சுற்றிலேயே நல்ல காற்று கிடைத்தது. வழக்கமாக என் தலைக்கு மேலே புள்ளியாகத் தெரியும் ஆட்கள் அன்று எனக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான்கு முகங்களை அடையாளம் கண்டேன். எல்லாம் பரிசு வாங்கும் முகங்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, தான் தப்பான கூட்டத்தில் மாட்டிக்கொண்டோமோ என்பதுபோல் இன்னொரு முறை பார்த்தார்.

இருந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேலே. வலதுபுறம் பனி. கீழே தேவதாரு மரங்கள். பாதையில் பாதி முடிந்துவிட்டது. மைதானத்தில் இறங்கினால் என்ன செய்ய வேண்டும், கையை உயர்த்த வேண்டுமா, அடக்கமாகச் சிரிக்க வேண்டுமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்போது போன் அடித்தது.

மார்புக்கு முன்னால் இருக்கும் பலகையில் போனைப் பொருத்தியிருப்பேன். பாதையைக் காட்டும் வரைபடம் அதில்தான் ஓடும், அதனால் அணைக்க முடியாது. பறக்கும்போது கூப்பிடக் கூடாது என்பது எனக்கும் மனைவிக்கும் இருக்கும் சட்டம். நான் எங்கே இருக்கிறேன் என்று போட்டி நடத்துபவர்களின் இணையப் பக்கத்தில் ஒரு புள்ளியாக நகரும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இல்லாத நாட்களில் யூனிட்டையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறை கூடச் சட்டத்தை மீறியதில்லை. இன்று திரையில் அவள் பெயர். யாருக்கு என்ன ஆனதோ என்று காதிலிருந்த பொத்தானைத் தட்டினேன்.

"ஏங்க, நல்லா இருக்கீங்கள்ல?"

"மேல இருக்கேன். என்னாச்சு? மாமாவுக்கு எதுவுமா?"

"அவருக்கு ஒன்னுமில்ல, கடையில இருக்காரு. பதறாதீங்க. அக்கா ஒன்னு சொல்லணுங்காங்க. இருங்க, குடுக்கேன்."

கைமாறும் சத்தம். பின்னால் காஸ் வெட்டும் மெஷின் ஓடும் சத்தம்.

"தம்பி, சாப்டீகளா?"

இறக்கை இடதுபுறம் ஆடியது. சரிசெய்தேன். "இல்லக்கா. என்ன விசயம்?"

"ஒன்னுமில்ல. அந்தச் சின்னக் குடை இருக்குல்ல?"

"ஆமா?"

"அத வெளிய எறிஞ்சா தானா விரியணுமாமே? இப்பத்தான் இந்தப் புள்ள சொல்லுது. நான் அது ஊருக்குப் போய்ப் பிரிச்சு மாட்டுறதுன்னு நெனச்சேன்."

"ஆமாக்கா, தானா விரியும்."

"இப்ப விரியாது தம்பி."

காற்றின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்க ஆசைப்பட்டேன். "என்னக்கா சொல்றீங்க?"

"நீங்க ரப்பர் பேண்ட மாட்டிட்டு மோட்டரப் பாக்கப் போய்ட்டீக. ரயில்ல அம்புட்டுத் தூரம் போகுதே, பிரிஞ்சு துணி அழுக்காயிருமேன்னு செத்த தையல் போட்டுட்டேன். நாலு மூடிக்கும். வெளிய தெரியாது, மடிப்புக்குள்ள மறைச்சுத்தான் தச்சிருக்கேன். துணில ஒரு ஊசி படல, அத மட்டும் நம்புங்க."

"எந்த நூல்க்கா?"

"பேல் நூலுதான். வேற எது?"

"ஒத்தையா, ரெட்டையா?"

"ரெட்டை" என்றார். பிறகு மெதுவாக, "முடிச்சும் போட்டுருக்கேன் தம்பி."

எனக்கு முன்னால் அந்தப் பிரிக்க முடியாத பேல்தான் நின்றது.

"கையில கத்திரி இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

இருந்தது. கயிற்றில் சிக்கினால் அறுக்க ஒரு சிறு கத்தி எப்போதும் வைத்திருப்போம். ஆனால் பொதி என் தொடைக்கு அடியில். அதை உருவி மடியில் வைத்துத் தையல் பிரிக்க இரண்டு கை வேண்டும். அந்த இரண்டு கையும் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. விட்டால் சின்னக் குடை தேவைப்படும். சின்னக் குடை தேவைப்படாமல் இருக்கத்தான் கையை விடக் கூடாது. இதை நான் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துப் பார்த்தேன்; எந்தப் பக்கம் சுற்றினாலும் அங்கேயே வந்து நின்றது.

மனைவி போனை வாங்கினாள். "இங்க பாருங்க. ஜெயிக்க வேண்டாம். மெதுவா வாங்க. வச்சிடுறேன்."

வைத்துவிட்டாள்.

அதுவரைக்கும் பஞ்சு மாதிரி இருந்த காற்று, போனை வைத்த அடுத்த நொடி கல்லும் முள்ளுமாக மாறிவிட்டது. காற்று மாறவில்லை. நான்தான். அத்தனை வருஷம் பறந்ததில் அந்தச் சிவப்புப் பிடியை ஒருமுறைகூட இழுத்ததில்லை. அது இருக்கிறது என்ற நினைப்பே எனக்குத் தெரியாமல் என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது பிடி இருந்தது, நினைப்பு போய்விட்டது.

முதல் யோசனை: உடனே இறங்கிவிடலாம். இறங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கீழே பார்த்தால் தேவதாரு, தேவதாருவுக்கு நடுவில் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கில் வெள்ளைக் கோடாக ஆறு. இத்தனை போட்டிகளில் எங்கெங்கோ இறங்கிய எனக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக இறங்க இடமில்லை. பாதையில் அடுத்த நல்ல சமதளம் எது என்று வரைபடத்தைப் பார்த்தேன். போட்டி முடியும் மைதானம். பத்திரமாக இறங்க வேண்டுமானால் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். என் தலையெழுத்தின் குறும்பை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

எங்கள் காலுக்கு முன்னால் ஒரு மிதி உண்டு. அதை அழுத்தினால் இறக்கையின் முகம் கீழே சாய்ந்து வேகம் கூடும்; கூடவே இறக்கை சுருங்கும் ஆபத்தும் கூடும். முன்னால் போகிற கூட்டம் முழுவதும் அதை அழுத்திக்கொண்டுதான் போகும். நான் இரண்டு காலையும் அதிலிருந்து எடுத்து, முதல்முறை பல் டாக்டரிடம் போனவன் மாதிரி ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். எழும் காற்று எங்கே கிடைத்தாலும் மற்றவர்கள் பாதியில் கழன்று ஓடினார்கள். நான் அதன் உச்சி வரைக்கும் ஏறினேன். உயரம் இருந்தால் யோசிக்க நேரம் இருக்கும். "ஏ தாயி, சுருங்கிறாத தாயி" என்று இறக்கையிடம் பேச ஆரம்பித்தேன். நல்லவேளை, அந்தப் பேச்சை ஒலிபரப்பும் வசதி யாரிடமும் இல்லை.

ஒரு மலை முதுகைத் தாண்டும்போது அது சுருங்கியது.

வலதுபுறம் மூன்றில் ஒரு பங்கு, காற்றுப் போன தலையணை மாதிரி மடங்கித் தொங்கியது. உடம்பு வலப்பக்கம் விழுந்து திரும்பியது. வலது கை தானாகச் சிவப்புப் பிடிக்குப் போய்விட்டது. தொட்டும்விட்டேன். தொட்டதும் ரெட்டை நூல் ஞாபகம் வந்து, சுட்டதுபோல் கையை எடுத்தேன். உடம்பை இடப்பக்கம் சாய்த்து, இடது கையால் மெதுவாகப் பிடித்துத் திருப்பத்தை நிறுத்தினேன். அவசரப்படவில்லை. அவசரப்பட்டுத் தப்பு செய்தால் தாங்கிக்கொள்ளக் குடை இல்லையே. கண்மாயில் கருவேலங்கன்று வரைக்கும் இழுபட்டுப் பழகிய பழக்கம் எல்லாம் எங்கிருந்தோ கைக்கு வந்தது. இரண்டு எண்ணுவதற்குள் படபடவென்று சத்தம் போட்டு இறக்கை நிமிர்ந்தது. எனக்கு நிமிர அதைவிட நேரமாயிற்று.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அன்று ஒவ்வொரு நிமிஷமாகக் கற்றுக்கொண்டேன். பள்ளத்தாக்கின் வாயில் மேகம் வந்து வெயிலை மறைத்தது. எழும் காற்று அடங்கிவிட்டது. வேகமாக முன்னால் போனவர்களில் பலர் உயரம் தீர்ந்து, கீழே அடுக்கு வயல்களில் வண்ண வண்ணமாக இறங்குவதை மேலிருந்து பார்த்தேன். அவர்களில் காலையில் என்னை இருமுறை பார்த்தவரும் இருந்தார். எனக்குப் பயத்தில் சேர்த்து வைத்த உயரம் அப்படியே இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு, யாரையும் எதையும் தொந்தரவு செய்யாமல், மைதானத்தின் கோட்டைத் தாண்டினேன்.

இறங்கியபோது கையை உயர்த்தவில்லை, அடக்கமாகச் சிரிக்கவும் இல்லை. அப்படியே உட்கார்ந்து, புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல். ஜீப் ஓட்டுநர் ஓடி வந்தார்.

"நீங்களா? வழி தப்பி வந்துட்டீங்களா பாய்?"

"ஆமா" என்றேன்.

போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். காஸ் வெட்டும் மெஷின் சத்தம் இல்லை. நிறுத்தியிருந்தார்கள்.

"இறங்கிட்டேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் யாரோ, "ஏட்டி, இறங்கிட்டாகளாம்!" என்று கத்த, மொத்த யூனிட்டும் கைதட்டியது. பிறகு அக்கா குரல்.

"இப்பச் சாப்பிடுங்க தம்பி."

பதினேழாவது ஆளாக வந்திருக்கிறேன் என்று சாயங்காலம் சொன்னார்கள். என் வரலாற்றில் அதுதான் சிகரம். சிலர் என் நிதானத்தைப் பாராட்டினார்கள். காற்றை நன்றாகப் படித்ததாக ஒருவர் முதுகில் தட்டினார். காரணத்தை நான் சொல்லவில்லை. பால்கோவாவை நீட்டினேன்.

பொதியைப் பிரிக்காமல் அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தேன். எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. இழுத்து வீசினால் வேகத்தில் நூல் அறுந்து விரிந்திருக்குமோ? அப்படியானால் நான் வீணாகத்தானே நடுங்கினேன்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. யூனிட்டில் துணி தொங்கவிடும் உத்தரத்தில் இருக்கையைக் கட்டித் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். மருமகன் மைதானத்தில் இறங்கினான் என்ற செய்தியை நம்ப முடியாமல் மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து நேரில் வந்திருந்தார். அக்கா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

சிவப்புப் பிடியை இழுத்து, பலங்கொண்ட மட்டும் வீசினேன்.

பொதி பறந்து போய், கயிறு முழுக்க நீண்டு, சுண்டி இழுபட்டு, "தொப்" என்று தரையில் விழுந்தது. தேங்காய் மூட்டை மாதிரி. ஒரு மூடிகூட அசையவில்லை. மறுபடி எடுத்து வீசினேன். தொப்.

தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் போட்ட தையலாச்சே, விடுமா?"

சொன்ன மறுநொடி, என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "மகாபாவி, நான் ஆளையில்ல கொன்னுருப்பேன்" என்று அப்படியே உட்கார்ந்தார்.

எனக்கு இறங்கிப்போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும். இருக்கையின் வார் மாட்டிக்கொண்டு, அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் பேசினாள்.

"நீங்க ஏன்க்கா அழுறீங்க? உங்க வேலைய நீங்க ஒழுங்காப் பாத்திருக்கீங்க. மடிச்சவரு ஒரு வார்த்தை சொல்லல, திருப்பிப் பாக்கவுமில்ல. கையெழுத்து மட்டும் சொத்துப் பத்திரத்துக்குப் போட்ட மாதிரி போட்டிருக்காரு." சீட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "சரிபார்த்தவராம்."

சுற்றிக்கொண்டே தலையாட்டினேன்.

அன்று அவளிடம் கேட்டேன்: "அவ்வளவு உயரத்துல இருக்கும்போது சொல்லணுமா? பயந்து போய் ஏதாவது ஆகியிருந்தா?"

"பத்து நிமிசம் யோசிச்சேன்" என்றாள். "சொல்லலன்னா அந்தக் குடைய நம்பிக் கோட்டித்தனம் பண்ணுவீங்க. சொன்னா பயப்படுவீங்க. பயந்தா நீங்க ஒழுங்கா இருப்பீங்க. பன்னெண்டு வருசமாப் பாக்கேன்ல."

தையலை அக்காவே பிரித்தார். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கும் மேலே ஆயிற்று. பிரித்த நூலை ஒரு துண்டு விடாமல் பொறுக்கினார். ரப்பர் பேண்டை மட்டும் மாட்டி, "இப்ப எறிங்க தம்பி" என்றார். எறிந்தேன். பொதி பாதி தூரத்திலேயே பொலபொலவென்று திறந்தது. யாரோ புத்திசாலி, காஸ் காயவைக்கும் பெரிய மின்விசிறியை ஓடவிட்டிருந்தார். வெள்ளைத் துணி ஒரே மூச்சில் உப்பி எழும்பி, மடிப்பு மேசையையும், அடுக்கி வைத்திருந்த பேண்டேஜ் சுருள்களையும், பக்கத்தில் நின்ற மாமனாரையும் சேர்த்து மூடியது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"மாப்ள, நீங்க மைதானத்துல இறங்குனத நம்புறேன். வெளிய வர வழி சொல்லுங்க."

அக்கா சிரித்தார். அதற்குப் பிறகுதான் என் உடம்பு முழுவதும் தரையிறங்கியது. இமாசலத்தில் இறங்கியது கால் மட்டும்தான் போல.

இப்போதும் ரிசர்வை அதே மேசையில்தான் மடிக்கிறோம். கடைசி ரப்பர் பேண்டை அக்கா மாட்டி, விரலால் சுண்டி, அவிழ்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார். சீட்டில் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது; என்னுடையதைவிட நிதானமாக, எழுத்து எழுத்தாக. அவர் மேல் எங்களுக்குப் பூரண நம்பிக்கை. இருந்தாலும் மடிக்கிற அன்று காலையில் என் மனைவி மேசையைச் சுற்றி ஒரு நடை வருவாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் கொண்டையிலிருந்து கோணி ஊசியை உருவி அவள் கையில் கொடுத்துவிடுவார். நான் ரயில் ஏறிய பிறகுதான் அது கொண்டைக்குத் திரும்பும்.